பக்கத்துத் தோட்டத்துக் காற்றா, இரவல் டேங்கா? சோயா மொச்சையில் களை மருந்துச் சேதம்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. வழக்கமாக நிலக்கடலை போடுவோம். இந்த வருடம் சோயா மொச்சை விதைத்தோம். 18ஆம் நாள் இமாசிதாபிர் களை மருந்தை டேங்குக்கு 40 மில்லி, ஏக்கருக்குப் பத்து டேங்க் என்ற கணக்கில் அடித்தோம். மறுநாளே கிழக்கே கிணற்றை ஒட்டிய வரிசைகளில் செடிகள் தலை கவிழ்ந்து தண்டு முறுக்கிக்கொண்டன. இன்றோடு எட்டு நாள் ஆகிறது. புது இலை நார்போலக் குறுகி வருகிறது. நடுவில் சேதம் குறைவு. மேற்கே போகப் போக லேசான மஞ்சள் மட்டும்தான். மருந்து தீர்ந்துவிட்டதால் மேற்கு வரப்பை ஒட்டிய மூன்று வரிசைகளுக்கு அடிக்கவில்லை. அங்கே களைதான் அதிகம், பயிர் நன்றாக இருக்கிறது. மேற்கே பக்கத்துத் தோட்டத்துக்காரர் எங்களுக்கு இரண்டு நாள் முன்னால் மக்காச்சோளத்துக்கு 2,4-டி களை மருந்து அடித்தார். ஆடிக் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வீசுகிறது. அவருடைய பேட்டரி டேங்கைத்தான் நாங்களும் இரவல் வாங்கி அடித்தோம். கடையில் இது சத்துக்குறைவு என்று சொல்லி ஒரு டானிக் கொடுத்தார்கள், இன்னும் அடிக்கவில்லை. என் தம்பி இது கிளைபோசேட் என்ற களை மருந்து என்கிறான். பக்கத்துக்காரர் மேல் புகார் கொடுக்கலாமா? இதை உழுதுவிட்டு மாட்டுக்குத் தீவனச் சோளம் விதைக்கலாமா? பிடுங்கிய செடியை மாட்டுக்குப் போடலாமா? மிச்சம் தேறினால் விதைக்கு எடுக்கலாமா?
- ஒரு வாசகி, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்

பதில்:

அம்மா, உழவு ஓட்டுகிற யோசனையை இன்னும் பத்து நாள் தள்ளிப் போடுங்கள். டானிக் பாட்டிலைத் திறக்க வேண்டாம். புகாரும் இப்போது வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது, மருந்து தீர்ந்துபோய் அடிக்காமல் விட்ட அந்த மூன்று வரிசைகள். பக்கத்துத் தோட்டத்துக்கு மிக அருகில் இருப்பவை அவைதான். காற்றும் மேற்கிலிருந்துதான் வருகிறது. அவர் அடித்த 2,4-டி காற்றில் வந்து விழுந்திருந்தால் முதல் அடி அந்த மூன்று வரிசைக்கு, அடுத்தது அதற்குக் கிழக்கே இருக்கிற வரிசைகளுக்கு. கிணற்று ஓரம் போய்ச் சேரும்போது சேதம் இருக்கிற இடமே தெரியாமல் குறைந்திருக்க வேண்டும். உங்கள் நிலத்தில் எல்லாம் தலைகீழாக நடந்திருக்கிறது. அவர் தோட்டத்துக்கு மிகத் தள்ளி இருக்கிற கிணற்று ஓரத்தில்தான் பயிர் அதிகமாக அடிவாங்கியிருக்கிறது.

நாள் கணக்கையும் பாருங்கள். 2,4-டி பட்ட செடி வாரக்கணக்கில் காத்திருக்காது. ஒரு நாளுக்குள், சில சமயம் சில மணி நேரத்திலேயே, தலை தொங்கிவிடும். அவர் அடித்து இரண்டு நாள் கழித்துத்தான் நீங்கள் டேங்கைத் தோளில் மாட்டினீர்கள். காற்று கொண்டுவந்ததாக இருந்தால் மருந்து அடிக்கப் போகும்போதே செடி முறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் அடித்த மறுநாள்தான் முறுக்கம் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள்.

கிணற்றில் தண்ணீர் பிடித்து, கிணற்று ஓரத்திலிருந்துதானே அடிக்க ஆரம்பித்திருப்பீர்கள்? அப்படியானால் முதல் டேங்கில் இருந்தது வெறும் இமாசிதாபிர் இல்லை. அவர் டேங்கின் அடியிலும் ஓஸிலும் தெளிக்கிற குழாயான லேன்ஸிலும் ஒட்டியிருந்த 2,4-டியும் அதோடு சேர்ந்து இறங்கியிருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது டேங்கில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போயிருக்கும். ஒன்றரை ஏக்கருக்குப் பதினைந்து டேங்க் ஆகும். கடைசி டேங்குகள் ஏறக்குறையச் சுத்தமாக இருந்திருக்கும். அதனால்தான் கிழக்கில் முறுக்கம், நடுவில் பாதி, மேற்கில் வெறும் மஞ்சள் என்று படிப்படியாக இறங்குகிறது.

ஒரு தடவை நிலத்தில் நடந்து பாருங்கள். டேங்க் தீர்ந்து மறுபடி நிரப்பிய இடம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த இடத்தில் கோடு போட்டதுபோலச் சேதம் சட்டென்று ஒரு படி இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். காற்றில் வந்த மருந்து டேங்க் கணக்கில் விழாது, ஒரே சீராகத் தேய்ந்துகொண்டே போகும். மேற்கு வரப்பில் தக்காளி, பருத்தி, பப்பாளி, சுரைக்கொடி ஏதாவது இருந்தால் அதையும் பாருங்கள். தக்காளியும் பருத்தியும் 2,4-டிக்குச் சோயாவைவிடச் சீக்கிரம் வாடும். அவை நேராக நின்றால் உங்கள் பக்கத்துக்காரர் அடித்த மருந்து வரப்பைத் தாண்டவில்லை.

இவ்வளவு கொஞ்சத்துக்கா இத்தனை சேதம் என்று நினைப்பீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். 16 லிட்டர் டேங்கில் அடித்து முடித்த பிறகு அடியிலும் பம்பிலும் ஓஸிலுமாகக் கால் லிட்டர் கலவை தங்குவது சாதாரணம். அடுத்த தடவை நிரப்பினால் அது முழு அளவில் அறுபத்து நாலில் ஒரு பங்கு. சோயாவின் தண்டை முறுக்க அது போதும். ஓஸின் உட்புற ரப்பர் மருந்தைக் கொஞ்சம் உறிஞ்சியும் வைத்துக்கொள்ளும். வெறும் தண்ணீரில் அலசினால் அது வெளியே வராது. இமாசிதாபிரோடு கலக்கச் சொல்லிக் கொடுக்கிற ஒட்டு திரவம் இருக்கிறதே, அது சோப்பு மாதிரி வேலை செய்து ரப்பரில் பிடித்திருந்ததையும் கரைத்து எடுத்துவந்துவிடும். டேங்கைக் கழுவித்தான் கொடுத்தேன் என்று அவர் சொன்னால் நம்புங்கள். அவர் பார்வையில் அது கழுவின டேங்க்தான்.

2,4-டி என்பது செடிக்குள் இயல்பாகச் சுரக்கிற ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைப் போல நடிக்கிற பொருள். மக்காச்சோளம், நெல், கரும்பு போன்ற புல்லினப் பயிர்கள் அதைச் சமாளித்துக்கொள்ளும். அகலமான இலை உள்ள செடிகளால் முடியாது. வளர்ச்சி கட்டுக்கடங்காமல் போய், இலைக்காம்பின் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் வளரும். அதனால்தான் முறுக்கம். புது இலை விரியாமல், நரம்புகள் எல்லாம் பக்கம்பக்கமாக நெருங்கி, நார் போல வரும். தண்டைத் தடவிப் பாருங்கள், சில இடத்தில் வீங்கி வெடித்திருக்கும். அந்த வெடிப்பைப் பற்றிக் கீழே சொல்கிறேன், அது முக்கியம்.

உங்கள் தம்பி சொல்வதுபோல இது கிளைபோசேட்டாக இருக்க வாய்ப்பில்லை. கேரள அரசு 2019லேயே அதன் விற்பனையையும் பயன்பாட்டையும் தடை செய்துவிட்டது. எல்லை தாண்டி வாங்கி வருகிறவர்கள் இருக்கலாம், அது வேறு விஷயம். கிளைபோசேட் பட்டால் செடி முறுக்காது. நாலைந்து நாள் ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு குருத்து மஞ்சளாகி, அப்படியே காய்ந்து வரும். கூடவே கோரையும் அருகும் வாடியிருக்கும்.

கடைக்காரர் சொன்ன சத்துக்குறைவும் ஒரே இரவில் தண்டை முறுக்காது. ஆனால் மேற்குப் பக்கத்து லேசான மஞ்சளுக்கு அவர் சொன்னதில் கொஞ்சம் அர்த்தம் இருக்கலாம். இமாசிதாபிர் சோயாவுக்கு ஏற்ற மருந்துதான். ஏக்கருக்கு 400 மில்லி என்பது சரியான அளவு. தண்ணீர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக, 200 லிட்டர் வரை விட்டிருக்கலாம். ஆனால் இந்தச் சேதத்துக்கு அது காரணம் இல்லை. சரியான அளவில் அடித்தாலும் புது இலை மங்கி மஞ்சளாவதும், இலையின் அடிப்பக்க நரம்பு சிவப்பதும், கணு கொஞ்சம் நெருக்கமாக வருவதும் உண்டு. பத்துப் பதினைந்து நாளில் சரியாகிவிடும். சித்தூர் கிழக்கின் கரிசல் மண்ணில் சுண்ணாம்பு அதிகம், காரத்தன்மையும் அதிகம். அதனால் பயிருக்கு இரும்புச்சத்து எட்டாமல் போகும். அந்தக் குறை வந்தால் நுனி இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து, இடைப்பட்ட பகுதி வெளிறும். பதினைந்து நாளுக்குப் பிறகும் நுனி அப்படியே வெளிறி இருந்தால் லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்து மாலை வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம். இப்போது வேண்டாம். அடிபட்ட இலை மேல் எதையும் கொட்டாமல் இருப்பதே நல்லது.

டானிக்கை ஏன் திறக்க வேண்டாம் என்றால், களைக்கொல்லிக்கு மாற்று மருந்து கிடையாது. இலைக்குள் போன 2,4-டியைத் திரும்ப எடுக்கிற எந்தப் பாட்டிலும் கடையில் இல்லை. அது போதாதென்று பயறு வகைக்கு விற்கிற டானிக்குகள் சிலவற்றில் என்.ஏ.ஏ. இருக்கும். பூ உதிராமல் இருக்க அடிப்பார்களே, அதுதான். அதுவும் ஆக்சின் வகைதான். ஆக்சின் மிகுந்துபோய்த் தள்ளாடுகிற செடிக்கு மறுபடியும் ஆக்சினா? லேபிளை வாசித்துப் பாருங்கள். அந்தப் பெயர் இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டாலும் அந்தக் காசை ஒரு ஆள் கூலிக்கு வையுங்கள், மண் அணைக்க ஆள் தேவைப்படும்.

இப்போது செய்ய வேண்டியது செடியைக் கிட்டே போய்ப் பார்ப்பது. மோசமான வரிசையில் உட்கார்ந்து, ஒரு செடியின் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரமாகப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, சக்கையாக இருந்தால் போய்விட்டது. பிறகு அடியிலிருந்து மேலே ஒவ்வொரு கணுவாகப் பாருங்கள். விதையிலை இருந்த கணு, அதற்கு மேலே ஒற்றை இலை ஜோடி இருந்த கணு, அப்புறம் மூன்றிலைக் கணுக்கள். இலைக்காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் கடுகு அளவுக்குப் பச்சை மொட்டு இருந்தால் அதுதான் உங்கள் பயிர். நுனி கருகினாலும் சோயா அந்த மொட்டுகளிலிருந்து பக்கக்கிளை விட்டு எழுந்து வரும். உங்கள் பயிருக்கு இன்று 26 நாள்தான் ஆகிறது, இன்னும் பூக்கவில்லை. இது பெரிய அதிர்ஷ்டம். பூக்கும் நேரத்தில் இதே அடி விழுந்திருந்தால் நான் இவ்வளவு தைரியம் சொல்ல மாட்டேன்.

பத்து நாள் கழித்து எண்ணிப் பாருங்கள். 30க்கு 5 சென்டிமீட்டர் இடைவெளியில் விதைத்திருந்தால் வரிசையில் ஒரு மீட்டருக்கு இருபது செடி இருக்கும். அதில் பத்துப் பன்னிரண்டு செடி புதுக் கிளையோடு, இடைவெளி பெரிதாக விழாமல் பரவலாக நின்றால் உழாதீர்கள். இடம் கிடைத்தால் சோயா அகலமாகக் கிளைத்து அதை நிரப்பிக்கொள்ளும். விளைச்சல் கொஞ்சம் குறையும், முதிர்ச்சியும் சில நாள் தள்ளும். இப்போது உழுது மறுபடி விதைக்கிற செலவையும் தாமதத்தையும் கணக்குப் போட்டால் இது மேல்.

கிணற்று ஓரம் மட்டும் மீட்டருக்கு ஐந்தாறு செடிக்குக் கீழே போயிருந்தால் அந்தத் துண்டை மட்டும் கொத்திவிட்டு மறுபடி சோயாவே போடலாம். 2,4-டி மண்ணில் நெடுநாள் நிற்காது. ஈரமும் சூடும் இருந்தால் பத்து நாளில் பாதி சிதைந்துவிடும். முதல் டேங்கில் இறங்கியதே சொற்பம்.

தீவனச் சோளம் மட்டும் போடாதீர்கள், அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்ததும் இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன். மண்ணில் இப்போது இருக்கிற பெரிய மிச்சம் நீங்கள் அடித்த இமாசிதாபிர்தான். அது சோயாவுக்கும் நிலக்கடலைக்கும் ஒன்றும் செய்யாது. சோளம் அப்படி இல்லை, இமாசிதாபிர் இருக்கிற மண்ணில் முளைத்தாலும் சோளக் குருத்து மஞ்சளாகி, வேர் கட்டையாகி, முழங்கால் உயரம்கூட வராமல் நின்றுவிடும். பீட்ரூட்டும் முட்டைக்கோஸ் வகையும் இன்னும் மோசம். ஒரு பயிர் போன வருத்தத்தில் இன்னொன்றையும் போட்டு இழக்கிறவர்கள் உண்டு. முழு நிலத்தையும் உழுதே ஆக வேண்டிய நிலை வந்தாலும் சோயா, நிலக்கடலை, இல்லாவிட்டால் தட்டப்பயறு என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழக்கமாக நிலக்கடலை போட்ட மண் உங்களுடையது, அது சிரமமாக இருக்காது.

பிடுங்கிய செடியை மாட்டுக்குப் போடாதீர்கள், அந்த நிலத்தில் மேயவும் விடாதீர்கள். இமாசிதாபிர் அடித்த சோயாத் தழையைத் தீவனமாகக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் அந்த மருந்தின் லேபிளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். உங்கள் செடியில் 2,4-டியும் சேர்ந்திருக்கிறது. பால் கறக்கிற மாடு என்றால் இதில் யோசிக்கவே வேண்டாம். அந்தத் தழையைக் காய்கறிப் பாத்திக்கு மூடாக்காகவும் போட வேண்டாம். அதே நிலத்தில் மடக்கி உழுதுவிடுவதுதான் சரி.

தண்டு வெடிப்பைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அடித்தண்டில் வீங்கி வெடித்த செடி பார்க்கத் தேறிவிட்டதுபோல இருக்கும். காய் பிடித்துப் பாரம் ஏறியதும் அந்த இடத்தில்தான் முறியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் சாதாரணச் செடியே சாயும். ஆகவே ஒரு லேசான தண்ணீர் பாய்ச்சி, மண் பதமாக இருக்கும்போது அந்த வரிசைகளுக்கு வெடிப்பு மூடும் அளவுக்கு மண் அணைத்துவிடுங்கள். முறுக்கிய தண்டை நிமிர்த்தப் பார்க்க வேண்டாம், உடைந்துவிடும். மீதிக் களையைக் கையால் எடுங்கள். அடிக்காமல் விட்ட மூன்று வரிசைக்கும் கைக்களைதான், வேறு மருந்து இந்தப் போகத்துக்கு வேண்டாம். தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள். அடிபட்ட வேருக்குத் தேக்கமும் சேர்ந்தால் கரிசலில் செடி மீளாது.

சரி, பக்கத்துக்காரர். அவர் மேல் புகார் கொடுத்தால் கிருஷி பவனிலிருந்து, அதாவது உங்கள் ஊர் வேளாண் அலுவலகத்திலிருந்து, வருகிறவர் அடிக்காத மூன்று வரிசையைப் பார்த்ததுமே புகார் நிற்காது என்று சொல்லிவிடுவார். புகார் போய்விடும், மனக்கசப்பு மட்டும் தங்கும். களை மருந்துச் சண்டை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் டிகாம்பா என்ற களைக்கொல்லியைத் தாங்குகிற சோயா ரகங்கள் வந்தபோது, அந்த மருந்து ஆவியாகிப் பக்கத்துச் சாதாரணச் சோயாவின் இலையையெல்லாம் கிண்ணம் போலக் குவித்தது. 2017ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 36 லட்சம் ஏக்கர் சோயா பாதிக்கப்பட்டதாக அங்குள்ள பல்கலைக்கழக வல்லுநர்கள் கணக்கிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2016 அக்டோபரில், ஆர்கன்சா மாநிலத்தில் இந்த விவகாரத்தில் ஏற்பட்ட தகராறில் ஒரு விவசாயி சுடப்பட்டு இறந்தார். அங்கே மருந்து உண்மையாகவே வரப்பைத் தாண்டி வந்தது. உங்கள் விஷயத்தில் அதுகூட நடக்கவில்லை. நல்ல எண்ணத்தில் டேங்க் கொடுத்த ஒருவர் மேல் பழி விழக் கூடாது என்பதுதான் எனக்குக் கவலை.

அவரைக் கூட்டிவந்து கிழக்கு வரிசையைக் காட்டுங்கள். டேங்கைப் பற்றிச் சொல்லுங்கள். அவரே அடுத்த மாதம் அதே டேங்கில் தன் தக்காளிக்குப் பூச்சி மருந்து அடித்தால் அவருக்கும் இதே கதிதான். கூடவே ஒரு உதவியும் கேளுங்கள். உங்கள் சோயா இன்னும் பத்துப் பதினைந்து நாளில் பூக்கும். அந்த நாட்களில் அவர் மறுபடி 2,4-டி அடிப்பதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லட்டும். எதை வாங்குகிறார் என்றும் கேளுங்கள். ஈத்தைல் எஸ்டர் என்று லேபிளில் இருந்தால் அது வெயிலில் ஆவியாகிப் பரவும், அமைன் சால்ட் அவ்வளவு ஆவியாகாது. காற்று உங்கள் பக்கம் வீசும்போது எதையுமே அடிக்கக் கூடாது. இலைகூட அசையாத விடியற்காலையும் நல்ல நேரம் இல்லை. அப்போது நுண்ணிய துளிகள் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து எங்கேயோ போய் இறங்கும். வெயில் ஏறி, மெல்லிய காற்று உங்கள் தோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக இருக்கும்போது, நாசிலைத் தாழ்த்திப் பிடித்து, பெரிய துளியாக விழுகிற மாதிரி அடிக்கச் சொல்லுங்கள். இந்தக் காலத்தில் கணவாய்க் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தே வருவதால், உங்கள் வரப்பை ஒட்டிப் பத்துப் பதினைந்து வரிசை மக்காச்சோளத்தை அடிக்காமல் விட்டு அங்கே மட்டும் கைக்களை எடுத்தால் இருவருக்கும் நிம்மதி.

டேங்கைக் கழுவும் முறையைச் சொல்கிறேன், இருவருமே கேளுங்கள். மிச்சக் கலவையை மக்காச்சோளத்திலேயே அடித்துத் தீர்க்க வேண்டும். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது. பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி, மூடி, குலுக்கி, நாசில் வழியாகவே அடித்து வெளியேற்றுங்கள். மூன்று தடவை. டேங்கைக் கவிழ்த்து ஊற்றினால் ஓஸ் கழுவப்படாது, அங்கேதான் மருந்து ஒளிந்திருக்கிறது. எஸ்டர் வகை என்றால் இதற்கு நடுவில் ஒரு தடவை சலவைப் பவுடர் கரைசலும் விட வேண்டும். அதன் பிறகு 16 லிட்டர் டேங்குக்கு நூறு கிராம் சலவைச் சோடா கரைத்து, ஓஸ் முழுக்க அந்தக் கரைசல் நிற்கிற மாதிரி ஒரு நிமிடம் அடித்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மறுபடி இரண்டு தடவை நல்ல தண்ணீர். நாசிலையும் வடிகட்டியையும் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். சிலர் அமோனியா பயன்படுத்துவார்கள், அதுவும் நல்லதுதான். ஆனால் அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடக் கூடாது, நச்சு வாயு வரும்.

இத்தனை செய்தாலும் 2,4-டி அடிக்கிற டேங்கில் சோயா, பயறு, தக்காளி, பருத்திக்கு எதையும் அடிக்காமல் இருப்பதுதான் உத்தமம். கிழக்கு ஓரத்தில் நீங்கள் இழக்கிற சோயாவின் விலையே ஒரு சாதாரணக் கை டேங்கின் விலைக்கு ஏறக்குறைய வந்துவிடும். ஒன்று வாங்கி, மேலே பெயின்டில் ‘பயறுக்கு மட்டும்’ என்று எழுதி வையுங்கள்.

ஒரு சந்தேகத்துக்கு மட்டும் கதவைத் திறந்து வைக்கிறேன். நிலத்தில் நடந்து பார்த்து, டேங்க் கணக்குப்படி சேதம் இறங்கவில்லை, முதல் டேங்கிலிருந்து கடைசி டேங்க் வரை அடித்த இடமெல்லாம் ஒரே மாதிரி முறுக்கம் என்று தெரிந்தால், பாட்டிலுக்குள் இருந்த மருந்திலேயே கோளாறு இருக்கலாம். அப்போது பாட்டிலையும் மீதி மருந்தையும் தூக்கி எறியாமல், பில்லோடும் பேட்ச் நம்பரோடும் கிருஷி பவனுக்குப் போங்கள். களைக்கொல்லியும் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள் வருகிற பொருள்தான். ஆய்வாளர் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப முடியும். 2025 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தின் விதிஷா மாவட்டத்தில் களை மருந்து அடித்த சோயா கருகிவிட்டதாகப் புகார் எழுந்து, மத்திய வேளாண் அமைச்சரே வயலில் இறங்கிப் பார்த்தார். அப்படிப்பட்ட இடத்தில் விவசாயி கையில் இருக்க வேண்டியது பில்லும் பாட்டிலும்தான். எதுவாக இருந்தாலும் இன்றைக்கே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கிழக்கு வரிசை, நடு, மேற்கு, அடிக்காத மூன்று வரிசை, ஒவ்வொன்றிலும் தண்டு தெரிகிற மாதிரி கிட்டே ஒன்று, தள்ளி நின்று ஒன்று. செடி தேறத் தேற அடையாளம் மறைந்துவிடும்.

விதைக்கு எடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிழக்கு வரிசையிலிருந்து எடுக்க வேண்டாம். அந்தச் செடிகள் தாமதமாகப் பூத்து, காய் ஒரே சமயத்தில் முற்றாது. பாதி முற்றலும் பாதி பிஞ்சுமாக வரும். சோயா விதை எப்படியும் சீக்கிரம் முளைப்புத்திறனை இழக்கிற விதை. மேற்குப் பாதியில், மஞ்சள் தெளிந்து நன்றாக எழுந்த செடிகளைக் குறித்து வைத்துத் தனியாக அறுத்து, கட்டையால் அடிக்காமல் கையால் உதிர்த்து, நிழலில் உலர்த்துங்கள். விதைப்பதற்கு முன் நூறு விதையை ஈரச் சாக்கில் போட்டுப் பாருங்கள், எழுபதுக்குக் கீழே முளைத்தால் அந்த விதையை எண்ணெய்க்கோ கடைக்கோ கொடுத்துவிட்டுப் புது விதை வாங்கிக்கொள்ளலாம்.